ஐந்து கட்டத்துப் பந்து



திங்கள்தோறும் இப்பக்கத்தில் வெளிவரும் குறுக்கெழுத்துப் புதிரில் பிழை செய்வோர் நீங்கள், பிழை திருத்துவோர் நாம் என்பதே இதுவரை இருந்துவந்த ஒழுங்கு. இத்திங்கள் அவ்வொழுங்கு தலைகீழாயிற்று. பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடியிலிருந்து வந்த ஒரு மடலே அதற்குக் காரணம். அம்மடலை எழுதியவர் ஒரு தாத்தா. எழுத வைத்தவள் ஏழாம் வகுப்பில் பயிலும் அவருடைய பேத்தி.

நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறோம். பள்ளி விடுமுறையை ஒட்டிய இதழில் பந்து விளையாட்டுகளை வைத்து ஒரு புதிர் அமைத்திருந்தோம். அதில் இடமிருந்து வலமாக ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு சொல். அதற்கு நாம் தந்த குறிப்பு: 'பதினொருவர் ஆடினும் கைகொடுப்பவர் ஒருவரே.' விடை, கால்பந்து. முதற் கட்டத்துக் 'கா'வில் தொடங்கிக் கீழ்நோக்கி 'காவிரி' இறங்கியது. மூன்றாம் கட்டத்துப் 'ப'விலிருந்து 'பனை'. ஐந்தாம் கட்டத்துத் 'து'விலிருந்து 'துளசி'. இரண்டாம் கட்டத்தின் மேலும் கீழும் கறுப்புக் கட்டங்கள். அதை ஊடறுத்து வேறு சொல் எதுவும் செல்லவில்லை.

குறிப்பைப் பற்றி நமக்குச் சற்றுப் பெருமிதம் இருந்தது என்பதையும் மறைப்பானேன்? அதற்கும் அடி விழுந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே எறியும்போது எந்த ஆட்டக்காரரும் இரு கைகளாலும் எறியலாமே, பிறகு எப்படி ஒருவர் மட்டும் என்று ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் எழுதிக் கேட்டிருந்தார். உண்மை. அதை நாம் மறந்தேதான் போனோம்.

ஆனால் பூலாம்பாடி மடல் அதைப் பற்றியதன்று. அக்குடும்பம் அனுப்பிய விடைத்தாளில் எல்லாம் சரியாக இருந்தன. ஐந்து கட்டச் சொல் மட்டும் 'காற்பந்து' என்றிருந்தது. நாம் அந்த 'ற்' மீது சிவப்புக் கோடு இழுத்தோம். சரியான விடை எழுதியோர் பட்டியலில் அக்குடும்பத்தின் பெயர் வரவில்லை. பரிசு ஒரு சிறு புத்தகம்தான். அது போனதைப் பற்றித் தாத்தா ஒரு சொல்லும் எழுதவில்லை.

அவர் எழுதியதன் சாரம் இது. சிறுமியின் தந்தை கோலாலம்பூரில் வேலை செய்கிறார். பச்சைமலையை ஒட்டிய அவ்வூரிலிருந்து மலேசியாவுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் பலர் என்பதை அப்பகுதி அன்பர்கள் அறிவார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் தந்தையும் மகளும் கைப்பேசியில் பேசிக்கொள்வது வழக்கம். சில திங்களாக அப்பேச்சில் பாதி நம் புதிரைப் பற்றியதாம். அவள் குறிப்பைப் படிப்பாள், அவர் அங்கிருந்து யோசிப்பார். ஐந்து கட்டச் சொல்லை அவரே சொன்னார், எழுத்துக் கூட்டியும் சொன்னார். அங்கே நாளிதழில் அச்சாவதும் அப்படித்தான். நம் இதழ் வந்தது, சொல் பிழை என்றாகியது. அதற்கடுத்த ஞாயிறு அவள் தந்தையிடம் புதிரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டபோதும், இந்த மாதம் புதிர் வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். 'அவன் சொன்னது தவறா என்று மட்டும் தெரிவித்தால் போதும்' என்று முடித்திருந்தார் பெரியவர்.

மடலைப் படித்தபின் இலக்கண நூலை எடுத்தோம். எடுக்கவே வேண்டியதில்லை. பள்ளியில் படித்ததுதான். வேற்றுமைப் பொருளில் வரும் தொடரில், நிலைமொழி ஈற்று 'ல்' வல்லினத்தின் முன் 'ற்' ஆகத் திரியும். பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி. 'ள்' வந்தால் 'ட்' ஆகும். நாளும் காட்டியும் சேர்ந்து நாட்காட்டி. நம் வீட்டுச் சுவரில் அது தொங்குகிறது. காலால் உதைக்கும் பந்து என்னும் பொருளில் காலும் பந்தும் சேர்ந்தால் காற்பந்து. கோலாலம்பூர்த் தந்தை எழுத்துக் கூட்டிச் சொன்னதில் இலக்கணம் முழுதாக இருந்தது. கோடு இழுத்த நம் பேனாவில்தான் குறை.

அப்படியானால் 'கால்பந்து' பிழையா? அவ்வாறும் சொல்ல மாட்டோம். தமிழ்நாட்டு நாளிதழ்களும் பள்ளிப் பாடநூல்களும் சொல்லின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும்படி எழுதும் வழக்கத்தை மேற்கொண்டு நெடுங்காலமாகிறது. பற்பொடியைப் புணர்த்தியே எழுதும் கை, கால்பந்தைப் பிரித்து எழுதுகிறது. இதற்கு வழக்கு என்பதன்றி வேறு காரணம் கூற இயலாது. கடல் கடந்தோர் பழைய முறையை விடாமல் வைத்திருக்கிறார்கள். மலேசியாவில் காற்பந்து. 1935ஆம் ஆண்டு கோ. சாரங்கபாணி தொடங்கிய சிங்கப்பூர்த் 'தமிழ் முரசு' நாளிதழிலும் காற்பந்தே. இலங்கைத் தமிழர் இன்னொரு வழி கண்டார்கள். அவர்களுக்கு அது உதைபந்து, அல்லது உதைபந்தாட்டம்.

உதைபந்து என்பதை நாம் மிக விரும்புகிறோம். அது வினைத்தொகை. நேற்று உதைத்த பந்து, இன்று உதைக்கின்ற பந்து, நாளை உதைக்கும் பந்து ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். வினைத்தொகை ஆதலால் இடையில் 'ப்' மிகாது. மிகாததால் எழுத்து எண்ணிக்கை ஐந்து. இங்கேதான் ஒரு வியப்பைக் கண்டோம். கா-ல்-ப-ந்-து. கா-ற்-ப-ந்-து. உ-தை-ப-ந்-து. மூன்று நாட்டுத் தமிழரும் ஒரே ஆட்டத்துக்கு மூன்று பெயர் வைத்தார்கள். மூன்றும் ஐந்தே கட்டம். மூன்றிலும் இறுதி மூன்று கட்டங்கள் ஒன்றே. இலங்கைச் சொல்லை நம் புதிரின் 'காவிரி' தடுத்துவிடும். ஆனால் 'ல்'லையும் 'ற்'றையும் பிரித்தறிய நாம் எந்த வழியையும் வைக்கவில்லை. அக்கட்டத்தை ஊடறுத்து ஒரு சொல் சென்றிருந்தால் விடை தீர்ந்திருக்கும். செல்லாதபோது, பொருளும் எண்ணிக்கையும் பொருந்தும் எச்சொல்லும் சரியே. இது புதிர் அமைப்போர் அனைவரும் அறிந்த விதி. விதியை மீறியவர் நாம், கோடு விழுந்ததோ அச்சிறுமிக்கு.

நம்மைப் போன்றோர்க்குள்ள இடர்ப்பாட்டையும் சிறிது சொல்லிக்கொள்ள இடம் தாருங்கள். ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்தில் எவ்வெழுத்தும் சொல்லின் எவ்விடத்திலும் வரலாம். தமிழில் புள்ளி பெற்ற எழுத்தால் சொல் தொடங்காது. பந்து விளையாட்டுச் சொற்களில் பெரும்பாலானவை 'பந்து' என்று முடிவதால் அந்த 'ந்' எங்கும் எதிர்ப்படும். அதன்வழி மேலிருந்து கீழாக இன்னொரு சொல்லைக் கொண்டுசெல்ல வேண்டுமானால், அச்சொல்லிலும் 'ந்' நடுவிலேயே இருத்தல் வேண்டும். அதற்கடுத்த கட்டத்தில் பெரும்பாலும் தகர வரிசை எழுத்தே நிற்கும். தந்தை, சொந்தம், குழந்தை, சிலந்தி போன்ற சொற்களைத் தேடிப் போக வேண்டும். இவ்வுழைப்புக்கு அஞ்சியே பலர் அக்கட்டத்தைத் தனியே விட்டுவிடுகிறார்கள்.

ஆட்டக்காரர்களின் வழக்குச் சொற்கள் இன்னும் கடினம். 'கோல்' இரண்டே கட்டம், எளிது. ஆனால் 'ஆஃப்சைடு' என்னும் சொல்லில் ஆய்த எழுத்துக்கு ஒரு கட்டம் தருவதா, இல்லையா? தர வேண்டும் என்பதே நம் கட்சி. ஆய்தமும் எழுத்துத்தானே. பிரேசில் நாட்டுப் பெருவீரரை ஒரு நாளிதழ் 'பீலே' என்கிறது, மற்றொன்று 'பெலே' என்கிறது. இரண்டு கட்டச் சொல்லில் ஒரு கட்டம் ஐயத்துக்கு உரியதானால் அதைப் புதிரில் வைக்காதிருப்பதே நலம். 1977ஆம் ஆண்டு அவர் கல்கத்தாவில் வந்து ஆடியபோது கூடிய கூட்டத்தில் எவருக்கும் இக்கவலை இருந்திராது!

ஊருக்கு ஊர் பொருள் மாறும் சொற்கள் வேறு உண்டு. பூப்பந்து என்றால் நம் பக்கத்தில் மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தை மட்டையால் அடிக்கும் ஆட்டம். தஞ்சை அரச குடும்பத்தில் பிறந்த விளையாட்டு என்று அதைச் சொல்வார்கள். மலேசியாவில் பூப்பந்து என்றால் இறகு வைத்த பந்து. நாம் இறகுப்பந்து என்பது. நமக்குக் கைப்பந்தாக இருப்பது இலங்கையில் கரப்பந்து. நாம் வாய்கூசாமல் கிரிக்கெட் என்று சொல்லிவிடும் ஆட்டத்துக்கு அவர்கள் துடுப்பாட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழஞ்சொற்களுக்கும் குறைவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் மாடத்து மகளிர் ஆடும் வரிப்பந்து நூலால் வரிந்து கட்டியது. அப்பெயரை இக்காலத்தார் டென்னிசுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் கந்துகவரி பந்தாடும் பெண்களின் பாட்டு. கந்துகம் என்றால் பந்து, குதிரைக்கும் அதுவே பெயர். 'உருள்வதும் ஓடுவதும் ஒரு பெயரால்' என்று அதற்கொரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம். விடையைச் சொல்லிவிட்டதால் இனி அது பயன்படாது.

சொல் தேடுவோர்க்கு நம் அண்டையிலேயே ஒரு முன்னோடி இருந்தார். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரைப் பக்கத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் ஆலயம் கண்ட வீரமாமுனிவர், 1732ஆம் ஆண்டில் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என அதற்கு நான்கு பகுதிகள். நான்காவதாகிய தொடையகராதி எதுகைக்கு உதவுவது. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருதல். குறுக்கெழுத்து நிரப்புவோர் திண்டாடுவதும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான். முதலெழுத்துத் தெரியாது, நடுவில் ஓர் எழுத்துக் கிடைத்திருக்கும். செய்யுள் கட்டுவோர்க்காக அவர் அமைத்த பகுதி கட்டம் நிரப்புவோர்க்கும் ஏற்றதாக அமைந்தது விந்தையே. குறுக்கெழுத்து என்னும் விளையாட்டு உலகில் தோன்றியதோ அதற்கு 180 ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

அது 1913 டிசம்பர் 21ஆம் நாள். 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் சாய்சதுர வடிவில் முதற் புதிரை வெளியிட்டார். பின்னர் அது காட்டுத்தீபோல் பரவிற்று. 1930களில் ஆனந்த விகடனின் குறுக்கெழுத்துப் போட்டிக்காகத் தமிழ்நாட்டில் வீடுதோறும் அகராதி புரண்டது. பெரும் பரிசுப் பணம் புழங்கத் தொடங்கியதும் சூதாட்டம் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றி, குறுக்கெழுத்துப் பரிசு திங்களுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாதென்று வரம்பு கட்டியது. நம் சிறு புத்தகம் அவ்வரம்பை எட்டுமென்று அஞ்ச வேண்டியதில்லை.

கால்பந்தையும் குறுக்கெழுத்தையும் ஒரே வாழ்வில் இணைத்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் லெனார்டு டா என்பவர் இளமையில் சவுத்தாம்ப்டன் அணிக்கு ஆடியவர். கண்ணாடி அணிந்துகொண்டே ஆடினாராம். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கான பிரிட்டானிய அணியிலும் அவர் பெயர் இருந்தது. பின்னர் பள்ளித் தலைமையாசிரியரானார். 1925 முதல் 'டெய்லி டெலிகிராப்' நாளிதழுக்குக் குறுக்கெழுத்து அமைத்து வந்தார். 1944ஆம் ஆண்டு மே மாதம். நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்க இரகசியமாக ஆயத்தம் செய்துகொண்டிருந்தன. அப்போது அவருடைய புதிர்களில் ஒன்றன்பின் ஒன்றாக யூட்டா, ஒமாகா, ஓவர்லார்டு, மல்பெரி, நெப்டியூன் என்னும் விடைகள் வந்தன. ஐந்தும் படையெடுப்பின் மறைபெயர்கள்! உளவுத்துறையினர் அவர் வீட்டுக்கே வந்துவிட்டனர். துருவித் துருவிக் கேட்டும் குற்றம் எதுவும் புலப்படவில்லை. ஜூன் 6ஆம் நாள் படை இறங்கியது.

மர்மம் விளங்கியது 1984இல். அவருடைய பழைய மாணவர் ஒருவர் அப்போது வாய் திறந்தார். ஆசிரியர் வெற்றுக் கட்டங்களைத் தந்து மாணவர்களையே சொற்களால் நிரப்பச் சொல்வாராம். குறிப்பு மட்டும் பின்னர் அவர் எழுதுவாராம். பள்ளிக்கு அருகே பாசறை இட்டிருந்த படைவீரர்களோடு பழகிய சிறுவர்கள், காதில் விழுந்த சொற்களைக் கட்டத்தில் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் தாங்கள் கேட்ட சொல்லைத்தான் எழுதுகிறார்கள். அதை நாமும் கொஞ்சம் முன்னரே நினைத்துப் பார்த்திருக்கலாம்.

பெரியவருக்கு உடனே பதில் எழுதினோம். தங்கள் மகன் சொன்னது சரி, இலக்கணப்படி நம் சொல்லினும் சரி, பிழை நம்முடையது என்று தெளிவாகவே எழுதினோம். பரிசுப் புத்தகமும் சென்றது. அதனோடு, சிறுமி தந்தையிடம் கேட்டு விடை சொல்லட்டும் என்று சில குறிப்புகளையும் வைத்தோம். உங்களுக்கும் அவற்றைத் தருகிறோம்.

'உள்ளே அடைத்ததும் கால், வெளியே உதைப்பதும் கால்' - ஐந்து கட்டம். (கால் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் காற்று என்றும் பொருள் உண்டு என்பது தெரிந்தால் எளிது. 'ல்' எழுதினாலும் 'ற்' எழுதினாலும் இம்முறை கோடு விழாது.) 'வளைந்தால் குடி கெடும், வலையில் விழுந்தால் ஊர் மகிழும்' - இரண்டு கட்டம். 'எட்டு அணிகள் நான்காகும் இடம்' - நான்கு கட்டம். 'பந்தும் உண்டு, பரதமும் உண்டு, கும்பகோணத்திலிருந்து போய் வரலாம்' - ஏழு கட்டம். கடைசியாக, 'தானும் வலை பின்னும், மலேசிய வலையையும் காத்தது' - நான்கு கட்டம். இக்கடைசிக் குறிப்பு கோலாலம்பூர்த் தந்தைக்கென்றே எழுதியது. 1970களிலும் 80களிலும் மலேசிய அணியின் கோல் காத்த ஆர். ஆறுமுகத்தை அவர் நினைவுகூர்ந்தால் போதும். நீண்ட கைகளால் பந்தைத் தாவிப் பற்றும் அவருக்கு அந்நாட்டார் இட்ட பட்டப்பெயரிலேயே விடை இருக்கிறது. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், நாட்டின் புறக்கணிப்பால் போக முடியாமற்போன அணியில் இருந்தவர் அவர். 1988ஆம் ஆண்டு சாலை விபத்தில் மறைந்தார்.

இரு வாரம் கழித்துப் பூலாம்பாடியிலிருந்து இரண்டாம் மடல் வந்தது. இம்முறை சிறுமியின் கையெழுத்து. ஐந்து விடைகளும் சரி. சிலந்தியை அப்பா குறிப்பைக் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாராம். தாளின் மறுபக்கத்தில் அவளே கோடு போட்டு ஒரு கட்டம் வரைந்திருந்தாள். கறுப்புக் கட்டங்களை மையால் அழுத்தி நிரப்பியதில் தாள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அதில் இரண்டே சொற்கள். இடமிருந்து வலமாகப் பூலாம்பாடி, ஐந்து கட்டம். மேலிருந்து கீழாகக் கோலாலம்பூர், ஆறு கட்டம். இரண்டுக்கும் இரண்டாம் எழுத்து 'லா'. அந்த எழுத்தில் இரண்டு ஊரும் சந்திக்கின்றன. தொடையகராதியைப் புரட்டாமலே அவள் கண்டெடுத்த எதுகை!

முதற்சொல்லுக்கு அவள் எழுதிய குறிப்பு, 'நான் இருக்கும் ஊர்.' இரண்டாவதற்கு, 'அப்பா இருக்கும் ஊர்.' நம் விதிப்படி இவை செல்லா. படிப்போர் வீட்டுக்கு வீடு விடை மாறிவிடும். ஆயினும் ஓரெழுத்தும் மாற்றாமல் அடுத்த இதழில் அதை வெளியிடுகிறோம். விடை இங்கேயே வெளியாகிவிட்டதால் அதற்குப் பரிசு கிடையாது.